துடைக்கிற சுவிட்ச்

செலின் மேடத்தைவிட அவருடைய மாணவி தவமணிக்குப் பத்து வயது அதிகம். தவமணி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி அலுத்துப்போய், கணவர் தவறிய பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். குரு சிஷ்யையை "அக்கா" என்பார்; சிஷ்யை குருவை "மேடம்" என்பார். கல்லூரியில் எல்லோருக்கும் இதில் ஒரு சிரிப்பு.

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆல்கஹால் ஆவி, அடியில் குளிர்விக்க உலர்பனி, பக்கவாட்டில் விளக்கு. கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சுத் துகள் ஒன்று பாய்ந்துபோனால், அது போன வழியில் ஒரு வெள்ளைக் கோடு விழும். மேலே இருக்கும் கேமரா அதைப் படம் பிடிக்கும். பழைய கோடுகளைத் துடைப்பதற்கென்று பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் ஒன்றும் உண்டு.

அந்த வாரம் எடுத்த படமெல்லாம் வெறும் புகை. இப்படியே போனால் ஆய்வு பாழ். செலின் குனிந்து பார்த்தார். சுவிட்ச் அணைந்திருந்தது.

"யாரு அக்கா அணைச்சது?"

"நான்தான் மேடம்."

"தெரிஞ்சேவா?"

"கோடு விழுந்த உடனே துடைச்சிடுது. துகள் போயிடுச்சு, சரி. வந்துட்டுப் போன தடமாவது கொஞ்ச நேரம் நிக்கட்டுமேன்னு இருந்துச்சு. மனசு கேக்கல."

செலின் திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டார்.

"உக்காருங்க. நீங்க நிறுத்தி வெச்ச கோட்டை எனக்குக் காட்டுங்க."

தவமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். பெட்டி முழுக்க வெள்ளை மூட்டம். விளக்கை நகர்த்தி வைத்தும் பார்த்தார்.

"எல்லாம் இதுக்குள்ளதான் மேடம் இருக்கு. ஒண்ணும் தெரியல."

"ம்."

தவமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அவர் போனுக்கு இன்னும் சார்ஜ் போடறேன். சட்டை ஒண்ணுகூட யாருக்கும் குடுக்கல. செருப்புகூட வாசல்லயே கிடக்கு" என்றார். "ஆனா அவர் சிரிச்சா எப்படி இருப்பாருன்னு இப்பல்லாம் ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. எனக்கு அவரைப் பாக்கணும் மேடம்."

செலினுக்குக் கண் கலங்கியது. கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

தவமணியின் கை சுவிட்ச்வரை போய் நின்றது. "போட்டா எல்லாம் போயிடுமே?"

"போறது மூட்டம்தான்கா. அது போனாத்தான் கோடு தெரியும். போடுங்க. நான் கேமராவுல கண்ணு வெச்சிருக்கேன்."