மணி நின்ன நேரம்

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தா. பேரு கித்தேரி. கடற்கரை ஊரு, மாதா கோயில் ஊரு. கோயில் மணி அடிக்கிறது அவ வேலை. சொல்றேன், ஆனா நீ 'ம்' போட்டுக்கிட்டே வரணும். போடலன்னா நீ தூங்கிட்டேன்னு நிறுத்திடுவேன். சரியா?

ம்.

கித்தேரி எல்லார்கிட்டயும் பேசுவா. கோழிகிட்ட பேசுவா, குழம்புகிட்ட பேசுவா, ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் விட அதிகமாப் பேசுவா. கோயில்ல முழங்கால் போட்டான்னா போதும், கடகடகடன்னு ஆரம்பிச்சிடும். "ஆண்டவரே, அடுப்பு புகையுது, கோழி முட்டை போடல, நாத்தனா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா, கருவாட்டை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு." சொல்லி முடிச்சிட்டு நிமிர்ந்து பாப்பா. பீடத்துல ஆண்டவர் கம்முன்னு இருப்பாரு. "ஒரு 'ம்' சொன்னா கொறஞ்சா போயிடுவீரு?"ன்னு கோச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவா. மறுநாள் திரும்பவும் போவா, பாவம்.

ம்.

அப்புறம், அந்த ஊருக்கு முன்னாடி கடல்ல பாறை, வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிற மாதிரி வரிசையா. நடுவுல ஒரே ஒரு சந்து. வெயில்ல சின்னப்புள்ள கூட வழி சொல்லும். ஆனா மார்கழி விடியக்காலையில சில நாள் பனி இறங்கும் பாரு, மேகத்துக்குக் கடல்ல குளிக்கணும்னு ஆசை வந்த மாதிரி! நீட்டின கையே தெரியாது. அதுக்கு அந்த ஊர்ல ஒரு வழக்கம். பனி மூடினா கோயில் மணியை மூணு அடி அடிக்கணும். டாங்! டாங்! டாங்! அப்புறம் கயித்தை விட்டுட்டு, மனசுக்குள்ள ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்ற நேரம் சும்மா இருக்கணும். கடல்ல இருக்கிறவன் அந்த நேரத்துல சங்கு ஊதுவான். பூஉஉம்! சத்தம் வர்ற பக்கம் பாத்து கரையில இருந்து ஒரு வள்ளம் போய், அவனைச் சந்து வழியா கூட்டிட்டு வந்துடும். புரியுதா?

ம்.

கித்தேரி வாயாடியா இருந்தாலும் மணி விஷயத்துல கெட்டி. அடிப்பா, நிறுத்துவா, கேப்பா. எத்தனை பேரு புருஷனைக் கரை சேத்திருக்கா! ஆனா அதெல்லாம் அடுத்தவ புருஷன்.

ஒரு நாள் அப்படித்தான் பனி இறங்குச்சு. எல்லாக் கட்டுமரமும் கரைக்கு வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணு வரல. கித்தேரி வீட்டுக்காரர் சந்தியாகு, தனியா கட்டுமரத்துல போனவரு.

அப்போ கித்தேரி என்ன பண்ணுனா? கோபுரத்துல ஓடி ஏறிக் கயித்தைப் பிடிச்சா. டாங் டாங் டாங் டாங் டாங்! நிறுத்தவே இல்ல. நிறுத்தினா ஒரு அமைதி வரும்ல, அதைப் பாத்து அவளுக்குப் பயம். கீழ நாத்தனா பிரகாசி நின்னு கத்துறா, "மதினி! நிறுத்துங்க! கேக்கணும்ல!"

கித்தேரி நிறுத்தினா. 'அருள் நிறைந்த...'ன்னு ஆரம்பிச்சா. ஒண்ணும் கேக்கல. பாதி கூட சொல்லல, திரும்பவும் டாங் டாங் டாங்!

பிரகாசி மறுபடியும் கத்துனா. "மதினி, எங்க அண்ணன் மேல சத்தியமா, நிறுத்துங்க!"

அப்போ மணியை நிறுத்தினா. ஆனா வாயை நிறுத்தல. "ஆண்டவரே! கோழி, கருவாடுன்னு கேட்டப்ப பேசாம இருந்தீரு, போகட்டும். இப்பவுமா? அவரு எங்க? ஒரு வார்த்தை! ஒரே ஒரு 'ம்'!" கோபுரமே அதிருது. கரையில வள்ளத்தோட நிக்கிற ஆளுங்க கத்துனாங்க, "ஏ கித்தேரி, மணியே தேவலாம்!"

உடனே திரும்பவும் கயிறு. டாங்... டாங்... அப்புறம் கை ஓஞ்சு போச்சு. உள்ளங்கை உரிஞ்சு போச்சு. கயிறு நழுவிடுச்சு. பேசலாம்னு வாயைத் திறந்தா, சொல்லு தீந்து போச்சு. நம்பிக்கை வந்து நிறுத்தலப்பா அவ, உள்ளதைச் சொல்லிடணும். முடியாமத்தான் நிறுத்தினா.

சுவத்துல சாஞ்சு உக்காந்தா. அமைதி வந்துச்சு. அவ பயந்துக்கிட்டே இருந்த அதே அமைதி. அது அவளைக் கடிக்கல. பக்கத்துல வந்து உக்காந்துச்சு, அவ்வளவுதான். மனசுக்குள்ள அருள் நிறைந்த மரியே முழுசும் சொன்னா. இன்னொண்ணும் சொன்னா. "சரி, நீரு பாத்துக்கிடும்"னு முடிச்சா. அலை மட்டும் சளப்... சளப்...

அப்போ...

ம்?

பூஉஉம்!

பாறைக்கு அந்தப் பக்கம், ரொம்ப தெக்க! வள்ளம் கிளம்பிடுச்சு. கித்தேரி அழுதுக்கிட்டே கயித்தைப் பிடிச்சா. டாங், டாங், டாங், நிறுத்தம். பூஉஉம். டாங், டாங், டாங், நிறுத்தம். பூஉஉம். சங்கு கிட்டக் கிட்ட வந்து, கடைசில ஆளே வந்துட்டாரு.

கரையில கால் வச்சதும் சந்தியாகு கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, உனக்கு இன்னைக்கு என்ன பேய் பிடிச்சிருந்துச்சு? ஊதி ஊதி என் கன்னம் பணியாரமாட்டம் வீங்கிடுச்சு!"

"ஊதுனீங்களா? பதிலே வரலன்னுல்ல நெனச்சேன்!"

"உன் சத்தத்துல எங்க கேக்கும்? மணி அடிச்சா கரை பேசுதுன்னு அர்த்தம். நான் ஊதுறதைக் கரை கேக்கலன்னா எனக்கு என்ன பிரயோசனம்? கடைசில நின்னுச்சு பாரு, அப்பத்தான் உசுரு வந்துச்சு."

"ஒரு சத்தமும் இல்லாம இருந்துச்சே. பயமா இல்லியா?"

"என்ன பயம்? சத்தம் இல்லன்னா நீ காது குடுத்துக்கிட்டு நிக்கிறேன்னு தெரியுமே."

கித்தேரி திரும்பிக் கோயிலைப் பாத்தா.

அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல முழங்கால் போட்டா. கோழி பத்திச் சொன்னா, கருவாடு பத்திச் சொன்னா. சொல்லி முடிச்சிட்டுக் கோச்சுக்கிட்டு எந்திரிக்கல. ஒரு அருள் நிறைந்த மரியே நேரம் சும்மா உக்காந்திருந்தா. ஆண்டவரும் சும்மா இருந்தாரு. பக்கத்துல இருந்த பிரகாசிக்குப் பயம் வந்துடுச்சு. "மதினி, உடம்புக்கு முடியலியா?"

"ஏட்டி, சும்மா இரு"ன்னா கித்தேரி. "அவரு கேட்டுக்கிட்டு இருக்காரு."

என்னப்பா, 'ம்' காணோம்? நிறுத்திடுவேன்னு சொன்னேன், இல்ல?

சரி, வேண்டாம். 'ம்' போடாட்டியும் பரவாயில்ல, நான் இங்கதான் இருக்கேன். கட்டுமரம் கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. தூங்கு.