ஒரே ஒரு பேப்பர்

பட்டாளத்தில் லாரி இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியே காலம் தள்ளிய சென்னியப்பன், ஓய்வுபெற்று வந்து கல்லூரியில் சேர்ந்தான். அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, டீசல் இன்ஜின் பேப்பருக்கு மட்டும் விலக்குத் தரச்சொல்லித் தாளாளர் ரங்கநாயகத்திடம் போய் நின்றான்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “வகுப்புல உக்காராம, பரீட்சை எழுதாம இங்க ஒண்ணும் கெடைக்காதுப்பா.”

சென்னியப்பன் சுவரைப் பார்த்தான். அங்கே கறுப்பு அங்கியில் தாளாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் பட்டம் வாங்குன படமுங்களா? எதுக்குங்க குடுத்தாங்க?”

தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பஸ் கம்பெனி நடத்துன அனுபவத்துக்கு. கூப்பிட்டுக் குடுத்தாங்க.”

“பரீட்சைங்க?”

“கௌரவப் பட்டத்துக்கு எதுக்குய்யா பரீட்சை?”

“அதானுங்களே. நான் டாக்டர் பட்டமெல்லாம் கேக்கலீங்க, ஒரே ஒரு பேப்பர்தானுங்க.”

தாளாளர் அவனுடைய விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பெயருக்கு முன்னால் வழக்கமாகப் போடும் ‘டாக்டர்’ மட்டும் அன்றைக்கு விட்டுப்போயிருந்தது.