பண்டிதர் எடுத்த கிண்ணம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பனைமங்கலத்தை அழகேச மாறன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தால் பல்லக்கு கொடுப்பான், நினைத்தால் தலையை எடுப்பான். அப்படிப்பட்டவனுக்கு ஐந்து நாளாக மலம் இளகவில்லை. யானைப்பாகன் தும்மியதற்குக்கூடக் கசையடி விழுந்தது.

அரண்மனை வைத்தியர் குணசீல பண்டிதர் லேகியம் லேகியமாக உருட்டிக் கொடுத்தும் பலனில்லை. கடைசியில் மந்திரி, ஆமணக்கெண்ணெய் காய்ச்சும் முத்திருளியைக் கூப்பிட்டனுப்பினார். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து எப்போதோ கப்பலேறி வந்ததாம் அந்தச் செடி; இப்போது அவள் கொல்லை முழுக்க மண்டிக் கிடந்தது. விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, மேலே மிதந்த எண்ணெயை வழித்தெடுத்தாள். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்த இரண்டு நாளில் பொறாமை பிடித்த பண்டிதர் சும்மா இருக்கவில்லை. பச்சை விதையை அரைத்து ஓர் ஆட்டுக்குப் புகட்டினார். ஆடு செத்தது. அதைச் சபைக்கே தூக்கிவரச் செய்தார்.

"மகாராஜா, இதே விதையின் எண்ணெயைத்தான் இவள் தங்களுக்குப் புகட்ட வந்திருக்கிறாள். விஷம்!"

"இவளைக் கழுவேற்றுங்கள்!" என்று ராஜா கத்தினான்.

கொதிக்கவைத்தால் விஷம் போய்விடும் என்று முத்திருளி சொன்னால் யார் நம்புவார்கள்? பண்டிதருக்கு அது தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ராசா, சாகப்போறவ ஒண்ணு கேக்குறேன். ஒரு கிண்ணத்துல என் எண்ணெய். இன்னொண்ணுல ஐயா ஆட்டுக்குக் குடுத்த விழுது. ரெண்டுமே விஷம்ங்கிறாரு. அவரு ஒண்ணை எடுத்துக் குடிக்கட்டும், மிச்சத்தை நான் குடிக்கிறேன்."

ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "பண்டிதரே, எடும்!"

"மகாராஜா, நான் எதற்கு..."

"எடும் என்கிறேன்!" வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்தது.

பண்டிதர் எண்ணெய்க் கிண்ணத்தை வெடுக்கென்று எடுத்து மடமடவென்று குடித்தார். விழுதை முத்திருளி பக்கம் தள்ளிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அதைத் தொடவில்லை. "ரெண்டும் விஷம்னா, எண்ணெயை எடுக்க ஐயா கை ஏன் ராசா தடுமாறவே இல்லை?"

மந்திரிதான் முதலில் சிரித்தார். ராஜாவுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது; புரிந்ததும் முகம் கறுத்தது. முத்திருளியிடம் ஒரு கரண்டி எண்ணெய் வாங்கிக் குடித்தான். மறுநாள் காலை வயிறு லேசானதும், அரண்மனை மருந்தறைச் சாவியை அவள் கையில் கொடுத்தான்.

ஆனால் பண்டிதர் குடித்தது கிண்ணம் நிறைய. குடித்த அன்றே, சபை கலைவதற்குள்ளேயே அவர் நெளிய ஆரம்பித்துவிட்டார்.

"மகாராஜா, ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு..."

"உட்காரும்," என்றான் ராஜா. "உம்முடைய விசாரணை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."