கடலுக்குத் தெரியிற சுவரு

இந்தக் கதைய எனக்கு மொதல்ல சொன்னது எங்க பிரகாசி சின்னம்மா. அப்போ எனக்கு ஒம்பது வயசு. அம்மை போட்டு வேப்பெலையில படுத்துக் கெடந்தேன். நான் சொறிஞ்சிடக் கூடாதுன்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தா. நீ நல்லா சாஞ்சு படுத்துக்கோ, ம் மட்டும் கொட்டு. சரியா?

ம்.

ஒரு கடக்கரையில ஒரு மணல் மேடாம். மேட்டு மேல ஒரு வீடாம். வீட்டுக்குள்ள ஒரு பொம்பளையாம், அவ பேரு அமலோற்பவம். அவ புருசன் தொம்மை, வள்ளம் ஓட்டி மீன் பிடிக்கிறவன்.

அந்த வீட்டுக்கு எப்பவும் வெள்ளைதான். வருசா வருசம் மாதா திருநாளுக்கு முன்னாடி மாமியாக்காரி சிப்பிச் சுண்ணாம்பக் கரைப்பா. அது பொசபொசன்னு கொதிக்கும். அப்புறம் பளீர்னு ஒரே வெள்ளையா அடிச்சு வச்சிடுவா. அமலோற்பவத்துக்கு அது பிடிக்காது. அம்மா வீட்டுல அப்பா சொன்ன கலரு, இங்க மாமியா சொன்ன கலரு. பதினெட்டு வருசமா அவ மனசுக்குள்ள ஒரு நெறம் வச்சிருந்தா. என்ன நெறம் தெரியுமா? மைனா முட்ட இருக்குல்ல, அந்த நீலம்.

ம்.

மாமியா கர்த்தர்கிட்ட போய்ச் சேந்தா. அடுத்த வருசம் கூரைக்குப் புது ஓடு மாத்துனாங்க. அப்போ தொம்மை சொன்னான், "ஏட்டி, சுவத்துக்கு நீயே பாத்து அடி. எனக்கு அதெல்லாம் தெரியாது."

அவ்வளவுதான். ஜெபமாலைய முடிச்சு, சேலையத் தூக்கிச் சொருகி, சுண்ணாம்புல நீலப்பொடியக் கலக்குனா. கலக்கிக் கலக்கிப் பாத்தா. ஈரத்துல கடும் நீலமா இருக்கும், காஞ்சா வெளுத்துடும். அதனால ஓட்டுத் துண்டுல தடவி, வெயில்ல காய வச்சுப் பாத்து, இன்னும் ஒரு பிடி போட்டா. சரியா வந்துச்சு. கடலப் பாத்த சுவத்துலதான் மொதல்ல சுண்ணாம்பு மட்டைய நனைச்சு அடிச்சா. சளப் சளப், சளப் சளப். சாயங்காலம் தள்ளி நின்னு பாத்தா, அவ கண்ணே குளுந்து போச்சு.

மறுநாள் விடியக்காலம் போன ஏழு வள்ளமும் காலையில திரும்பி வரல. வெயில் ஏறிடுச்சு. பொம்பளைங்க எல்லாம் கரையில நிக்கிறாங்க. உச்சி நேரத்துக்குத்தான் ஒவ்வொன்னா வந்துச்சு. தொம்மையோட வள்ளத்துல பக்கப் பலகை பேந்து போயி, தண்ணிய எறைச்சுக்கிட்டே வந்தாங்க.

தொம்மை எறங்கி வந்து வீட்டப் பாத்தான். "எங்க வீட்ட யாரு தூக்கிட்டுப் போனது? கடல்ல இருந்து பாத்தா வானந்தான் தெரியுது."

அமலோற்பவத்துக்கு ஒன்னும் புரியல. அப்புறந்தான் வெவரம் வந்துச்சு. அந்தக் கரைக்கு ரெண்டு பக்கமும் தண்ணிக்கடியில பாறையாம், நடுவுல ஒரு வள்ளம் போற அளவுக்குத்தான் வழியாம். இந்த வீட்டுச் சுவரும் பின்னால நிக்கிற ஒத்தப் பனையும் ஒரே நேரா வந்தா அதுதான் வழி. அதப் பாத்துத்தான் எல்லா வள்ளமும் உள்ள வரும். ஆனா ஆம்பளைங்க கடல் அடையாளத்தக் கரையில பேச மாட்டாங்க, அது அவங்க வழக்கம். பொம்பளைங்கள வள்ளத்துல ஏத்தவும் மாட்டாங்க. மாமியாளுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு. அவளும் யாருகிட்டயும் சொல்லல.

ம்.

அப்போ ஊர்ப் பெரியவரு கபிரியேலு வந்தாரு. "அமலோற்பவம், ஞாயித்துக்கெழமைக்குள்ள சுவரு வெள்ளையாகணும். இல்லைன்னா நாங்களே வந்து அடிச்சிடுவோம், உள்ளயும் சேத்து."

அவ மொதல்ல ஒடஞ்ச பலகையப் பாத்தா. "யாருக்கும் ஒன்னும் ஆகலயே, மாதாவே" ன்னு நெத்தியில சிலுவை போட்டா. அப்புறம் நிமிந்து சொன்னா, "தப்பு என் தப்புதான் பெரியப்பா. கடலுக்கு அடிக்கிற கலர நான் மேட்டுல நின்னு பாத்துட்டேன். நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க. அங்க இருந்து பாத்துட்டு அடிக்கிறேன்."

"பொம்பள ஏறுனா மீனு கெடைக்காது."

"மீனுக்கு யாரு வரா? நான் சுவரு பாக்க வரேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. கபிரியேலு தொம்மையப் பாத்தாரு. தொம்மை, "எனக்கு அதெல்லாம் தெரியாது பெரியப்பா, ஆனா அவ முடிவு பண்ணிட்டா அவ்வளவுதான்" னான்.

மறுநாள் மீனெல்லாம் வித்து முடிஞ்ச பெறகு கபிரியேலு வள்ளத்துலதான் ஏறுனா, தொம்மையும் கூட ஏறுனான். கரையில அவ நாத்தனா செலஸ்தி ஊருல உள்ள சேலையெல்லாம் வாங்கிக் குவிச்சு வச்சிருந்தா. "நாங்க பாய எறக்கி ஏத்துனா சுவத்துல துணிய மாத்தித் தொங்கப் போடு" ன்னு பேச்சு.

வள்ளம் போகுது. தடால், சலார், தடால், சலார். அமலோற்பவம் அதுவரைக்கும் வள்ளம் ஏறுனதே இல்ல. ஒரு கையில பலகையப் பிடிச்சா, ஒரு கையில ஜெபமாலையப் பிடிச்சா. தொம்மை கேட்டான், "திரும்பிடலாமாட்டி?"

"திரும்புனா கரையத்தான் பாக்கணும். நான் திரும்பியே உக்காந்திருக்கேன். ஓட்டுங்க."

மொத துணி பச்சை. தொங்குச்சு. பாத்தா, தென்னந்தோப்போட தோப்பாப் போச்சு.

ம்.

பாய எறக்கி ஏத்துனாங்க. ரெண்டாவது துணி மஞ்சள். பாத்தா, மணலோட மணலாப் போச்சு.

ம்.

"பாத்துட்டியாம்மா?" ன்னு கபிரியேலு கேட்டாரு. "வெள்ளைதான் நிக்கும்."

அப்போ பாத்து மூடாப்பு வந்துச்சு பாரு, பனிமூட்டம். குபுகுபுன்னு வெள்ளையா கடல் மேல எறங்குச்சு. அமலோற்பவம் மெதுவாக் கேட்டா, "பெரியப்பா, நம்ம மாதா கோயில் கோபுரம் வெள்ளைதான. எங்க காட்டுங்க?"

கபிரியேலு நெத்தியில கைய வச்சு அங்க தேடுனாரு, இங்க தேடுனாரு. கோபுரம் இல்ல. வெள்ளைக்குள்ள வெள்ளை போயிடுச்சு. கைய எறக்குனாரு. "எங்க அண்ணன் வள்ளம் ஒரு மூடாப்புலதான் பாறையில ஏறுச்சு" ன்னாரு. அப்புறம் அவரே எந்திரிச்சு அந்தக் கருத்த பாய எறக்கி ஏத்துனாரு.

கரையில செலஸ்தி பாத்தா, மிச்சம் கெடந்த சேலையெல்லாம் சாயம் போயி வெளுத்தது. வீட்டுக்குள்ள ஓடி, கட்டில்ல கெடந்த செவப்பு ஜமுக்காளத்த உருவிட்டு வந்து தொங்கப் போட்டா. தொங்கப் போட்டதும், அந்த மூடாப்புக்குள்ள, சுருக்குன்னு ஒரு செவப்பு. அதுக்கு நேர் பின்னால ஒத்தப் பனை.

யாரும் சொல்லல. வள்ளம் தானா அந்தப் பக்கம் திரும்புச்சு.

அமலோற்பவத்துக்குச் செவப்பு கொஞ்சமும் பிடிக்காது. மொளகா அரைச்சு அப்புன மாதிரி இருக்கும்பா. ஆனாலும் வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ளயே வீட்ட அடுக்கிட்டா. கடல் பாத்த சுவரு செங்காவி. உள்ள நாலு சுவரும் அவளோட நீலம். படுக்குற அறை இருட்டு, அங்க பொடி கொறைச்சுப் போடணும். அடுப்படியில பொகை ஏறும், அங்க மட்டும் இடுப்பு வரைக்கும் காவி. மாதா சுரூபம் இருக்குற மாடத்துக்கு ரெண்டு தடவ நீலம். சன்னலுக்குத் தெரை வேண்டாம், வெளிச்சம் வரட்டும்.

அன்னைக்கே காவியக் கொழச்சு, அந்த நீலத்து மேல அவ கையாலயே அடிச்சா. சளப் சளப். கண்ணு கலங்குச்சு, ஆனா கை நிக்கல.

ம்... தூங்கிட்டியா? இல்லையா. சரி.

அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, விடிஞ்சும் விடியாம மூடாப்பு. பயங்கரமான மூடாப்பு. வள்ளம் ஏழும் வெளிய போயிருக்கு. அமலோற்பவம் கரைக்குப் போகல. உள்ள சுவத்துக்கு நீலம் அடிச்சுக்கிட்டே, காத மட்டும் கடல்ல வச்சிருந்தா. மணல்ல வள்ளம் ஏறுற சத்தம் கேக்கும். சர்ர்ரு. ஒன்னு. சர்ர்ரு. ரெண்டு. மூனு. நாலு. அஞ்சு. ஆறு.

ஏழாவது வரல.

மட்டைய அப்படியே சுவத்துல அழுத்திக்கிட்டு நின்னா. நீலம் முழங்கையில வழியுது. "மாதாவே, கலர நாந்தான் சொன்னேன்" ன்னா. அவ்வளவுதான் ஜெபம்.

சர்ர்ரு.

ஏழு.

மட்டைய நனைச்சுத் திரும்ப அடிக்க ஆரம்பிச்சா. கொஞ்ச நேரத்துல தொம்மை வந்து வாசப்படியில நின்னான், தலையெல்லாம் ஈரம். உள்ள பாத்தான். எட்டி வெளிச் சுவத்தப் பாத்தான். திரும்ப உள்ள பாத்தான்.

"வெளிய மொளகா, உள்ள மைனா முட்ட. யாரு வீடு இது?"

"என் வீடு" ன்னா அமலோற்பவம். "காலக் கழுவிட்டு உள்ள வாங்க."

தொம்மை போயிக் காலக் கழுவிட்டு வந்தான்.

கதை கரையேறிடுச்சு, நீயும் கண்ண மூடு செல்லம். மூடுறதுக்கு முன்னாடி, இன்னைக்குக் கடலுக்குப் போனவங்களுக்காக ஒரு அருள்நிறை மரியே ஜெபம் மட்டும் சொல்லிடு. ஒன்னு போதும்.