கனல் உலையும் இரண்டு தலைப்பாகையும்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் அது நல்ல தும்மலா கெட்ட தும்மலா என்று சொல்லக்கூடச் சம்பளத்துக்குப் பண்டிதர்கள் இருந்த காலத்தில், ஒரு ராஜ்ஜியத்தில் கனல் உலை ஒன்று இருந்தது. அதற்கு விறகு வேண்டாம். மலையில் வெட்டிய கனல்கல்லைப் போட்டால் வருடக்கணக்கில் எரியும். அந்தச் சூட்டில்தான் ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் சக்கரங்கள் சுற்றின. ஒரே தொல்லை, அதன் சாம்பல் லேசில் ஆறாது.

ராஜா இளங்கீரனின் சிம்மாசனம் சொந்தக் காலில் நிற்கவில்லை. மலைநாட்டுச் சிற்றரசர் கூட்டணியில் இருந்தால் நிற்கும். அவர் கோபித்துக்கொண்டு போனால் கடற்கரைச் சிற்றரசர் வந்து முட்டுக்கொடுக்க வேண்டும். கல் விற்கும் மலைநாட்டாருக்கு உலை எரிய வேண்டும். உலை விடும் வெந்நீரில் மீன் செத்துவிடுமே என்று பயந்த கடற்கரையாருக்கு அது அணைய வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் உலையை ஒன்பது முறை மூட்டி ஒன்பது முறை அணைத்தார்கள். அணைந்த நாட்களில் ஜனங்கள் குடத்தோடு ஆற்றுக்கு நடந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் தலைமைப் பண்டிதர் கனகசபை ஓலை எழுதிக் கொடுப்பார். மலைநாட்டார் வந்தால் சிவப்புத் தலைப்பாகை கட்டி உலை நல்லது என்று எழுதுவார், கடற்கரையார் வந்தால் நீலத் தலைப்பாகை கட்டி உலை ஆபத்து என்று எழுதுவார். ஓலையை ராஜா படிக்காமலே முத்திரை குத்துவார். முத்திரை விழுந்த ஓலை காலாவதியாகாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அதை யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒருமுறை எல்லையில் எதிரி வந்து நிற்க, இரண்டு சிற்றரசர்களும் ஒரே நாளில் கூட்டணிக்கு வந்துவிட்டார்கள். எந்தத் தலைப்பாகை என்று தெரியாமல் பண்டிதர் வெறுந்தலையோடு சபைக்கு வந்தார். வந்தவர், தான் நெடுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த அவைக் கோமாளி வேம்பனை மாட்டிவிட்டார்.

"மகாராஜா, இதற்கு வழி சொல்லும் புத்தி வேம்பனிடம்தான் உண்டு."

"அப்படியா? வேம்பா! உலை எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். பத்து நாளில் முடித்துக் காட்டு. இல்லையேல் நாடு கடத்துவேன்."

வேம்பன் வீட்டுக்குப் போனால், எட்டு மாத வயிற்றோடு அவன் மனைவி அஞ்சலை ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுக் குடத்தை நங்கென்று இறக்கினாள்.

"நாடு கடத்துவாராமா? இந்த வயித்தோட நான் எங்க போவேன்? எழுதி எழுதிக் குடுத்தாரே அந்தப் பண்டிதரு, எழுதினபடி ஒரு நாளாவது இருந்து பாத்திருக்காரா?"

வேம்பன் அப்படியே திரும்பி அரண்மனைக்கு ஓடினான். "மகாராஜா, முத்திரை விழுந்த ஓலைகளை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்ற எனக்கு அதிகாரம் வேண்டும்." ராஜா தந்தார்.

மறுநாள் காலை நான்கு காவலர்கள் பண்டிதரைப் பாயோடு தூக்கிப்போய்ச் சாம்பல் குழியோரம் வைத்தார்கள். 'சாம்பல் சாதுவானது, பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கலாம்' என்றது சிவப்புத் தலைப்பாகை ஓலை. அடுத்து அரண்மனை. உலைக்குக் கூப்பிடு தூரம். 'உலையைச் சுற்றி ஒரு காத தூரத்துக்குக் காக்கைகூட இருக்கலாகாது' என்றது நீல ஓலை. ராஜாவையும் சிற்றரசர்களையும் ஒரு காதம் தள்ளிப் புளியந்தோப்பில் கொண்டுபோய் விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது.

"யார் உத்தரவு இது?" என்று ராஜா கத்தினார்.

"தங்கள் முத்திரைதான், மகாராஜா. ஊர் ஜனங்களுக்கு நாளைக்கு முறை" என்றான் கூடவே வந்த வேம்பன்.

அதற்குள் பண்டிதர் சேறும் சகதியுமாக ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார். "எனக்குக் குழியோரம் வேண்டாம், தங்களுக்கு ஒரு காதமும் வேண்டாம்! சாம்பலைப் பாறைக்கடியில் ஆழப் புதைத்தால் போதும். வெந்நீரை ஆற வைத்துக் கடலில் விட்டால் மீன் பிழைக்கும். உலைக்கு உண்மையான ஆபத்து, மூட்டி மூட்டி அணைப்பதுதான். சுவரில் ஏழு விரிசல்!"

"இதைப் பன்னிரண்டு வருடமாக ஏனய்யா சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே, மகாராஜா! எந்தத் தலைப்பாகை என்றுதான் கேட்டார்கள்."

வேம்பன் கும்பிட்டான். "விரிசலை அடைத்து உலை எரியட்டும். சாம்பல் அணையட்டும், கல் வந்த மலைக்கடியிலேயே."

கடற்கரையார் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். மலைநாட்டாருக்கு முகம் சுருங்கியது. ஆனால் கழுத்துவழியே மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததால் அவரும் தலையாட்டிவிட்டார். ராஜா நனைந்த மீசையைப் பிழிந்துகொண்டே சிரித்தார்.

"நூறு பொன் உனக்கு! இன்னும் என்ன வேண்டும், கேள்."

"பண்டிதரின் தலைப்பாகை இரண்டும் வேண்டும், மகாராஜா. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிப் பழகிய துணி இந்த ராஜ்ஜியத்தில் வேறெங்கே கிடைக்கும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. விரிசல் அடைபட்டு உலை மூண்ட மறுநாள் அஞ்சலையின் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் தானாக வந்தது.