கைக்குழி

கையைத் தூக்கிக் கும்பிட்டதில்தான் குழந்தைவேலுவின் மானம் போனது.

திறந்த ஜீப்பில் நின்றபடி வந்துகொண்டிருந்தார். முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் சரவெடி. ஆலங்காட்டுப்பாளையம் பேரூராட்சியின் பதினைந்து கவுன்சிலர்களில் ஒன்பது பேர் அன்று காலை அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். தையல்காரர் சேர்மன் ஆகிவிட்டார். அன்று வியாழக்கிழமை, ஜவுளிச் சந்தை நாள். சந்தை முனையில் கூட்டத்தைக் கண்டதும் சந்தோஷம் தாங்காமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குவித்தார். கட்சிக்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டிருந்த ரெடிமேட் வெள்ளைச் சட்டையும் கையோடு சேர்ந்து மேலே ஏறிக்கொண்டது.

"டெய்லரண்ணா, தொப்புள் தெரியுது!" என்று துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கத்தினாள்.

சந்தையே சிரித்தது. குழந்தைவேலுவும் சிரித்தார். மாடி ஜன்னலில் மரகதம் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

மரகதம் அவருடைய மாஸ்டர். வயது நாற்பத்தொன்று, அவருக்கு ஐம்பத்து மூன்று. வேலை செய்த பனியன் கம்பெனியை மூடிவிட்டபோது, நாற்பது வயதுக்கு மேல் அந்த மாடித் தையல்கடைக்கு வந்து அவளிடம்தான் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார்.

ஊர்வலம் முடிந்ததும் மாலைகளை ஜீப்பிலேயே போட்டுவிட்டு மாடி ஏறினார்.

"வாங்க சேர்மன்," என்றாள் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சகாயமேரி. "சட்டைக்குள்ள இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தாரே, அவருதான் துணைச் சேர்மனுங்களா?"

தையல் மெஷின்கள் அத்தனையும் நின்று சிரித்தன.

"மாஸ்டர், காப்பாத்துங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நாற்காலியில உட்காரணும். ஒரு சட்டை வேணும்."

"ஊருக்கே வெட்டுனவர் நீங்களே வெட்டிக்கலாமே?"

"என் உடம்புக்கு நானே டேப் பிடிக்க முடியுங்களா?"

மரகதம் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போட்டிருக்கிற சட்டையில என்ன தப்பு? சொல்லுங்க பார்க்கலாம்."

சேர்மன் மறுபடி மாணவன் ஆனார். "கைக்குழிங்க மாஸ்டர். கை மாட்டுற ஓட்டையை அக்குளுக்குக் கீழ ரொம்ப இறக்கி வெட்டியிருக்காங்க. கை சும்மா தொங்குறப்ப சொகமா இருக்கும். தூக்குனா சட்டை மொத்தமும் கூடவே வரும்."

"நீங்களும் மொத மாசம் இப்படித்தான் வெட்டுனீங்க."

"பதினாலு சட்டை," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "பூரா ஸ்கூல் வாத்தியாருங்க. போர்டுல எழுதக் கையைத் தூக்குன அன்னிக்கு பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

"தாராளமா விட்டா நல்லதுன்னு நினைச்சீங்க."

"எல்லாரும் அப்படித்தானே மாஸ்டர் நினைப்பாங்க."

டேப் அவர் நெஞ்சைச் சுற்றி வந்தது.

"மாஸ்டர், ஒண்ணு கேட்கணும்."

"மூச்சை விட்டுட்டுக் கேளுங்க. தொப்பையை உள்ள இழுத்தா டேப் பொய் சொல்லும்."

அவர் மூச்சை விட்டார். "நானும் அப்படி ஆயிடுவேனா?"

எப்படி என்று அவள் கேட்கவில்லை. கடையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

வியாழன்தோறும் முந்நூறு பெண்கள் அந்தச் சந்தையில் விடியலிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து துணி விற்கிறார்கள். ஒரு கழிப்பறை கிடையாது. பாதிப் பேர் அன்று தண்ணீரே குடிப்பதில்லை. கட்டித் தருகிறேன் என்று ஜவுளிக்கடை தெய்வசிகாமணி சொன்னார், சேர்மன் ஆனார். கட்டித் தருகிறேன் என்று சாயப்பட்டறை முத்துரத்தினம் சொன்னார். அவரும் சேர்மன் ஆனார். துணியில் பிழைக்கும் ஊர் துணிக்காரர்களைத்தான் நம்பும். போன மாதம் அதே வேப்பமரத்தடியில் நின்று, அதே வார்த்தைகளை, குழந்தைவேலுவும் சொல்லியிருந்தார்.

"அவங்க பொய் சொல்லலை மாஸ்டர். ரெண்டு பேர் பக்கத்துலயும் நான் நின்னிருக்கேன். சொல்றப்ப நெசமாத்தான் சொன்னாங்க. அதனாலதான் பயமா இருக்கு. நானும் நெசமாத்தான் சொன்னேன்."

மரகதம் வெள்ளைத் துணியை மேஜையில் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாய் அலமாரியிலிருந்து பழைய அளவு நோட்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"சும்மா உட்காராம இதைப் படிங்க."

குழந்தைவேலு புரட்டினார். தெய்வசிகாமணி பேரில் நான்கு வரிசை இருந்தது. தேர்தலுக்கு முன், கைக்குழி ஒன்பது இஞ்ச். ஜெயித்த வருஷம் ஒன்பதரை. அடுத்தது பத்தேகால். கடைசியாகப் பதினொன்று. பக்கத்தில் மரகதத்தின் பொடி எழுத்து: 'இறக்கச் சொன்னார்.' முத்துரத்தினத்தின் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். ஒன்பது. பத்து. பதினொன்று. 'இறக்கச் சொன்னார்.' 'இன்னும் இறக்கச் சொன்னார்.'

"உடம்பு பெருத்திருக்கும் மாஸ்டர்."

"மார்பு அளவைப் பாருங்க."

பார்த்தார். நாற்பது, நாற்பது, நாற்பது. ஒரு நூல்கூடக் கூடவில்லை.

"அப்புறம் கைக்குழி மட்டும் ஏன் இறங்குச்சு?"

"எனக்கு என்னங்ண்ணா தெரியும்? என்கிட்ட இருக்கிறது டேப்புதானே," என்றாள் மரகதம். கத்தரிக்கோல் துணிக்குள் போனது.

வெயில் சாய்கிற நேரத்தில் சட்டை தயாரானது. சகாயமேரி கடைசிப் பித்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு நீட்டினாள். குழந்தைவேலு போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கையைத் தூக்கிக் கும்பிட்டார். சட்டை இம்மிகூட அசையவில்லை. இன்னும் உயரத் தூக்கினார். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"துணைச் சேர்மன் ராஜினாமா!" என்று கூவிக் குலவை போட்டாள் சகாயமேரி. மற்ற பெண்கள் கை தட்டினார்கள். கீழே டீக்கடையிலிருந்து என்ன விசேஷம் என்று யாரோ கேட்டார்கள்.

குழந்தைவேலு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நாளை உட்காரப்போவதுபோல் சாய்ந்து உட்கார்ந்தார். கைகளைத் தொங்கவிட்டார். முகம் சுருங்கியது.

"மாஸ்டர், கடிக்குது."

"எப்போ?"

"கையைத் தொங்கப் போட்டா."

"தூக்குனா?"

"தூக்குனா சட்டை போட்டிருக்கிறதே தெரியலை."

"சரியாத்தான் வந்திருக்கு," என்றாள் மரகதம்.

அவரும் தையல்காரர்தான். அக்குளில் விரலை விட்டுப் பார்த்தார். அரை இஞ்ச் மேலே ஏற்றியிருந்தாள். கை தவறி அப்படி வெட்டுகிறவள் இல்லை அவள்.

"மாஸ்டர், நாளைக்கு மூணு மணி நேரம் உட்காரணும். வர்றவங்க எல்லாம் பேசுவாங்க. ஒரு அரை இஞ்ச் இறக்கிடலாமுங்களா?"

மரகதம் கத்தரிக்கோலைப் பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

"இறக்குங்க. நீங்களும் கட்டிங் மாஸ்டர்தானே. ஆனா இறக்குன கைக்குழி மேல ஏறாது. வெட்டுன துணியை ஒட்டவைக்க முடியாது. அதையும் நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

சட்டையைக் கழற்றி மேஜையில் போட்டார். பனியனோடு ஜன்னலோரம் நின்று சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். சின்னக் கோடுதான். கத்தரிக்கோலின் வாயைத் திறந்தார்.

கீழே சந்தை கலைந்துகொண்டிருந்தது. மூட்டைகள் டெம்போவில் ஏறின. ரயில் பாதையோரத்து முள்காட்டை நோக்கி இரண்டு பெண்கள் நடந்து போனார்கள். ஒருத்தி உள்ளே இறங்க, இன்னொருத்தி ஒரு புதுச் சேலையை உதறி இரண்டு கையாலும் உயரப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றாள். விலைச்சீட்டுக்கூடப் பிரிக்காத சேலை. காற்று அதை இழுத்தது. அவள் விடவில்லை. மதியம் தொப்புள் தெரியுது என்று கத்தியவள்தான் அவள். மாடி ஜன்னலில் புதுச் சேர்மன் பனியனோடு நிற்பதைப் பார்த்துவிட்டாள். கை இரண்டும் சேலையில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டிச் சிரித்தாள்.

அவள் கைகள் இன்னும் உயரத்தில்தான் இருந்தன.

குழந்தைவேலு கத்தரிக்கோலை மூடினார். சாக்கட்டிக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார். சட்டையை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். கடித்தது. ஏனோ அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப இதை எப்பத்தான் இறக்கித் தருவீங்க மாஸ்டர்?"

மரகதம் மேஜைமேல் கிடந்த வெட்டுத்துணிகளைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சந்தையில கதவு மாட்டி, உள்ள தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பார்த்துட்டு, இதே சட்டையோட வாங்கண்ணா. நானே இறக்கித் தர்றேன்."