யானையிடம் கேட்காத கேள்வி

வேங்கைநாட்டு மன்னர் மாறவேள் இரக்கமுள்ளவர். வெள்ளாற்றுப் போர் முடிந்ததும், போரில் புண்பட்ட வீரர் ஒவ்வொருவருக்கும் ஆற்றோரத்தில் ஒரு மா நிலம் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. அதை நிறைவேற்ற அனந்தநம்பி என்ற அதிகாரியை வைத்தாரே, அங்கேதான் வந்தது வினை.

பெரியாண்டி வேல்படை வீரன். முன்வரிசையில் நின்றும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பினான். ஆனால் முரசுச் சத்தம் கேட்டால் போதும், கைகால் வெலவெலத்துக் கிடைத்த சந்தில் ஒளிந்துகொள்வான். இரவில் தூக்கம் கிடையாது. அறுப்புக்குக் கூலிக்குப் போனால் அங்கே கொட்டு அடிப்பார்கள். முதல் அடியிலேயே அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். பிறகு அவனை யார் கூப்பிடுவார்கள்?

"சொந்த நிலம்னா கொட்டு இல்லாம நாமளே அறுத்துக்கலாம். போய்க் கேளுய்யா. வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?" என்றாள் அவன் மனைவி வெள்ளச்சி.

போனான்.

"புண் எங்கே?" என்றார் அனந்தநம்பி.

"உள்ளே இருக்குங்க."

"உள்ளே என்றால்? வயிற்றிலா?"

"தெரியலைங்க. முரசு கேட்டா உடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"இப்போது முரசு அடிக்கவில்லையே?"

"இல்லைங்க."

"அப்படியானால் நன்றாக இருக்கிறாய். நன்றாக இருப்பவனுக்கு எதற்கு நிலம்? போ."

மறுமாதம் போனான். பேசிக்கொண்டிருக்கும்போதே அரண்மனை உச்சிவேளை முரசு முழங்கியது. பெரியாண்டி அதிகாரியின் ஆசனத்துக்கு அடியில் புகுந்துவிட்டான்.

அனந்தநம்பி குனிந்து பார்த்தார். "கேள்வி கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இல்லையே நீ! இப்படி இருப்பவனை எப்படி விசாரிப்பது? நன்றான பிறகு வா."

மூன்றாம் மாதம் போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று ஊரில் திருவிழா வேறு. தெருவுக்குத் தெரு கொட்டு. பெரியாண்டி காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். ஒரே ஒரு தெருவில் மட்டும் சத்தமே இல்லை. அது யானைக்கொட்டில் தெரு. வைக்கோல் போரில் சாய்ந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அசந்து தூங்கிப்போனான்.

கண் விழித்தால் எதிரே விகடர் திருமேனி நின்றுகொண்டிருந்தார். அரசவையில் மன்னரையே கிண்டல் செய்யும் உரிமை உள்ள மனிதர்.

"என்னப்பா, யானை வீட்டில் விருந்தா?"

பெரியாண்டி நடந்ததையெல்லாம் சொன்னான். "இந்தத் தெருவுல மட்டும் ஏன் சாமி கொட்டு இல்லை?"

அங்கே நின்ற யானைப் பாகன் பதில் சொன்னான். "மன்னர் உத்தரவு. எல்லாம் நம்ம கார்முகிலுக்காகத்தான். வெள்ளாத்துப் போருக்குப் போன யானை. ஒரு காயம் இல்லை. ஆனா முரசு கேட்டா மிரளுது, ராத்திரியில கண்ணை மூடுறதில்லை. அனந்தநம்பி ஐயாவே வந்தாரு. 'ஐயோ பாவம், மனசு உடைஞ்சுபோச்சே'ன்னு அது காதுகிட்டக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாரு. அன்னிக்கே கட்டுக்கட்டாக் கரும்பு வந்துச்சு. மேய்றதுக்கு ஆத்தங்கரைத் தோப்பும் கொடுத்துட்டாங்க."

"புண் எங்கேன்னு கேட்டாரா?" என்றார் திருமேனி.

"யானைகிட்ட யாரு சாமி அதைக் கேப்பாங்க?"

திருமேனி தாடியைத் தடவினார். "பெரியாண்டி, நாளைக் காலை இந்த யானை பக்கத்தில் வாய் பேசாமல் நிற்பாயா?"

"மூணு மாசம் பேசி என்னத்தைக் கண்டேன்? நிக்கிறேன் சாமி."

மறுநாள் அவையில் திருமேனி எழுந்தார். "அரசே, வெள்ளாற்றுப் போரிலிருந்து திரும்பிய இன்னொரு ஜீவன் யானைக்கொட்டிலில் நிற்கிறது. தூக்கமில்லை. முரசு கேட்டால் நடுங்குகிறது."

"அடடா!" என்றார் மன்னர்.

மன்னருக்கு யானை என்றால் உயிர். அனந்தநம்பி முந்திக்கொண்டார். "இதில் யோசிக்க என்ன இருக்கிறது அரசே? ஆற்றோரத்தில் இடம், வயிறு நிறையத் தீனி. இப்போதே கொடுத்தேன்."

"புண்ணைப் பார்க்க வேண்டாமா?" என்று அப்பாவியாகக் கேட்டார் திருமேனி.

"மனதில் பட்ட அடி வெளியே தெரியுமா விகடரே? இதுகூடத் தெரியாதா உமக்கு?"

"இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் ஐயா."

மூவரும் கொட்டிலுக்கு வந்தார்கள். கார்முகில் கரும்பு தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பெரியாண்டி நின்றான். திருமேனி சொல்லிக்கொடுத்தபடி வலது கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டினான். மன்னரைக் கண்டதும் ஆட்டம் தப்பிக் கை அவன் மூக்கிலேயே இடித்தது.

"இவன் மனிதன்!" என்று கத்தினார் அனந்தநம்பி.

"அதுதான் இவன் செய்த குற்றம்," என்றார் திருமேனி. "மூன்று மாதம் மனிதனாக வந்து கேட்டான் அரசே. கிடைக்கவில்லை. இன்று காலை யானையாக நின்றான். உச்சிவேளைக்குள் கிடைத்துவிட்டது."

"யானைக்கு நடிக்கத் தெரியாது அரசே! மனிதன் நடிப்பான்!"

"இவன் நடிப்பைத்தான் பார்த்தீர்களே," என்றார் திருமேனி. "பயத்தையும் இவன் நடித்திருந்தால் இந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கும்."

மன்னர் வெடித்துச் சிரித்தார். பிறகு பெரியாண்டியின் தோளில் கை வைத்தார். அந்தத் தோள் நடுங்கியது. மன்னரின் சிரிப்பு நின்றது.

"ஒரு மா நிலம் உனக்கு. உன்னைப் போன்ற எல்லோருக்கும் உண்டு. யாரங்கே! இன்றே ஊரெங்கும் முரசறைந்து சொல்லுங்கள்!"

பெரியாண்டிக்கு முகம் வெளுத்தது.

"அரசே, முரசறைந்தால் ஊர் முழுக்கச் சேதி தெரியும்," என்றார் திருமேனி. "நிலம் கிடைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் கட்டிலுக்கு அடியில் இருப்பார்கள்."

மன்னர் இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வேறு எப்படித்தான் சொல்வது?"

"அனந்தநம்பி ஐயா வீடு வீடாகப் போய் இதமாகச் சொல்லட்டும்."

"இவருக்கு அப்படிப் பேச வருமா?"

"நன்றாக வரும் அரசே," என்றார் திருமேனி. "கார்முகிலைக் கேட்டுப் பாருங்கள்."